மருந்து வாங்க இயலாதாரும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே பக்தியைப்பற்றியும் பண்பாட்டைப்பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறு காகிதத் துண்டு. வைத்தியசாலையிலே நோயாளியைப் பார்த்த வைத்தியர், இந்த மருந்து இங்கே கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுக்கின்றாரே, அந்தத் துண்டைப்பற்றியே பேசப் போகின்றோம்.

அந்தத் துண்டு எங்கே போகின்றது? கையிற் காசுள்ளவர் வீட்டுத் துண்டு நேரே பாமசிக்குப் போகின்றது. காசில்லாதவர் வீட்டுத் துண்டு சேலைத் தலைப்பிலே முடியப்பட்டு வீட்டுக்குப் போகின்றது. சாமிப் படத்தின் பின்னே செருகப்பட்டு அங்கேயே இருந்துவிடுகின்றது. சிலர் ஒரு மாதத்து மருந்துக்குப் பத்து நாள் மருந்தை வாங்குகின்றனர். சிலர் நாளுக்கு ஒன்றாக விழுங்கவேண்டிய மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் விழுங்குகின்றனர். சிலர் மாத்திரையைக் கத்தியினாற் பிளந்து பாதிப் பாதியாக வைத்துக்கொள்கின்றனர். அடுத்த மாதம் கிளினிக்கிலே, “மருந்தை ஒழுங்காகக் குடித்தீர்களா?” என்று வைத்தியர் கேட்கும்போது, வெட்கத்தினாலே, “ஓம் ஐயா, குடித்தேன்” என்று சொல்லிவிடுகின்றனர்.

அப்பால் நிகழ்வதைச் சிந்தியுங்கள். நோயாளி மருந்து குடித்தும் அமுக்கம் இறங்கவில்லையே, சீனி குறையவில்லையே என்று வைத்தியர் எண்ணுகின்றார். மருந்தின் அளவைக் கூட்டுகின்றார். அல்லது இன்னொரு மருந்தைச் சேர்த்து எழுதுகின்றார். முதற் துண்டையே வாங்க முடியாதவர் கையில் அதிலும் பெரிய துண்டு வந்து சேருகின்றது. அமுக்கம் கட்டுப்படாவிட்டால் ஒருநாள் பாரிசவாதம் வரும். சலரோகம் கட்டுப்படாவிட்டாற் கண்ணும் காலும் சிறுநீரகமும் பழுதாகும். சில நூறு ரூபா மருந்து வாங்க இயலாத குடும்பம், பின்னர் ஆயிரக்கணக்கிலே செலவு செய்தும் திருத்தமுடியாத துன்பத்தில் விழுகின்றது. ஒரு சொல்லை வெட்கத்தால் விழுங்கியதன் பலன் இது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்தியத்துக்கு நான்கு பகுதிகளை வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நோயாளியின் பக்கத்தில் நின்று வேண்டியதைச் செய்பவன் ஒருவன். முதல் மூன்றையும் எல்லாரும் அறிவர். நான்காமவனை உலகம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. அவனையும் மற்றை மூன்றுக்கும் சமமாக வைத்து எண்ணினார் நம் புலவர். இன்றைய உரையின் சாரமும் அதுவே. மருந்துக்கு வழியில்லாத நோயாளிக்குப் பணம் தேவை. பணத்துக்கு முன்னே, அவனோடு கூடப் போகும் ஒரு துணை தேவை. அந்த நான்காம் இடத்தை நிரப்பத்தக்கவர் நமது இளைஞர்.

சென்ற சில ஆண்டுகளில் இத்துன்பம் பெருகியதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டில் வழங்கும் மருந்துகளிற் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்து வருவது. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலரின் விலை அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 2022 மார்ச்சிலே மருந்துகளின் உச்ச விலையை 29 வீதம் கூட்ட அரசாங்கம் இடங்கொடுத்தது. ஏப்ரில் இறுதியிலே 60 மருந்துகளின் விலை மேலும் 40 வீதம் கூட்டப்பட்டது. அதே காலத்தில் அரசாங்க வைத்தியசாலைகளிலும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. மீன்பிடிக்காரரும் வயற்கூலிகளும் விறகு வெட்டுவோரும் நிறைந்த கொட்டியாரப் பற்றிலே வருமானம் அவ்விதம் உயர்ந்ததா? இல்லை. போரினாலும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் ஒருமுறைக்கு இருமுறை வீடிழந்த குடும்பங்கள் இங்கே பல. சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து சொந்த மண்ணுக்குத் திரும்ப ஏறக்குறையப் பத்தாண்டுகள் காத்திருந்தனர். அத்தகைய குடும்பங்களில் மருந்துச் செலவு என்பது சோற்றுப் பானையிலிருந்து எடுக்கும் செலவு.

ஆயினும் நாம் மனம் தளரவேண்டியதில்லை. இந்நாட்டிலே ஏழைக்கு மருந்து கிடைக்கவேண்டும் என்று பாடுபட்டோர் பலர். 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் முறை ஏற்பட்டது. 1970களிற் சிறிது காலம் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கினார்கள். பின்னர் அதுவும் நீங்கிற்று. ஆகவே மூதூர் தள வைத்தியசாலையிலும் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியிலும் இலவசமாக மருந்து பெறுவது நமது உரிமை. எவரிடமும் தலைகுனிந்து பெறும் தருமம் அன்று.

வெளியில் வாங்கும் மருந்தும் மலிவாக இருக்கவேண்டும் என்று உழைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியற் பேராசிரியராகிய அவரும், வைத்தியரும் அரசியலாளருமான எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களும் சேர்ந்து 1971 இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தனர். விக்கிரமசிங்க, 1934–35 ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாக் காய்ச்சற் காலத்திலே கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி செய்தோருள் ஒருவர். அந்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களிற் பல விலைக்கு விற்கப்படுவதைக் கண்ட பிபிலே, மருந்தை அதன் பொதுப்பெயரால் அழைத்து, உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி, தரமுள்ளதை மலிவான விலைக்கு மொத்தமாக வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான பெயர்களில் வந்துகொண்டிருந்த மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. 1977 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அதே ஆண்டில், ஐக்கிய நாடுகள் பணிக்காகக் கயானா நாட்டுக்குச் சென்றிருந்த இடத்திற் பிபிலே காலமானார். சிறிய தீவிலே அவர் தொடங்கிய முறை பிற நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று.

பொதுப்பெயர் என்றால் என்னவென்று தாய்மார் கேட்கலாம். காய்ச்சலுக்கு நாமெல்லாரும் குடிக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். பனடோல் என்பது அதே மருந்துக்கு ஒரு கம்பனி இட்ட பெயர். அரிசி ஒன்றே, சாக்கின்மேல் அச்சடித்த பெயர் வேறு. அதுபோலச் சலரோகத்துக்கு மெட்போமின், அமுக்கத்துக்கு லொசாட்டன், கொழுப்புக்கு அட்டோர்வஸ்டட்டின் என்பன பொதுப்பெயர்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உண்டாக்கியது. மருந்துத் துண்டிலே பொதுப்பெயர் எழுதப்படவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை குறிக்கப்பட்டது. பிபிலே விதைத்த விதை நாற்பது ஆண்டுகள் கழித்துச் சட்டமாய் முளைத்தது எனலாம்.

இளைஞர்களே, இவை நூலிலே கிடந்து பயனில்லை. துண்டோடு நிற்கும் ஒரு முதியவருக்கு இவை பயன்படவேண்டும். அதற்கு வழி எவ்வாறு என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, வைத்தியர் முன்னிலையிலேயே உண்மையைச் சொல்லவேண்டும். “ஐயா, இதை வெளியில் வாங்க எங்களிடம் வசதியில்லை, வைத்தியசாலையில் உள்ள வேறு மருந்து பொருந்துமா?” என்று கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஒரே நோய்க்குப் பல மருந்துகள் உண்டு. கையிருப்பில் உள்ள ஒன்றை எழுத வைத்தியராற் பலவேளை முடியும். ஆனால் அவர் அறிந்தாலன்றோ எழுதுவார்? சென்ற மாதம் எத்தனை மாத்திரை தவறியது என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும். முதியவர் கூசினால் கூடப்போன இளைஞன் பணிவோடு சொல்லட்டும்.

இரண்டாவது, இங்கே இல்லாத மருந்து அங்கே இருக்கலாம். மூதூரில் முடிந்த மருந்து திருகோணமலையில் இருக்கக்கூடும். கிளினிக் கொப்பியோடு சென்று விசாரிக்கவேண்டும். முன்னாளிலே கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்சியை நம்பியிருந்தோம்; கடல் கொந்தளித்தாற் பயணமில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மற்றைப் பாலங்களும் திறந்தபின் தரைவழி எளிதாயிற்று. எனினும் பஸ் ஏறி இறங்க இயலாத நோயாளிக்குப் பாலம் இருந்தும் என்ன? மோட்டார் சைக்கிள் உள்ள ஓர் இளைஞன் அந்தப் பயணத்தை அவருக்காகச் செய்யலாம்.

மூன்றாவது, வாங்கித்தான் ஆகவேண்டுமாயின் அறிந்து வாங்கவேண்டும். பாமசியில் மருந்தாளரிடம், இம்மருந்து பொதுப்பெயரில், குறைந்த விலையில் உண்டா என்று கேட்கவேண்டும். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசலக் கடைகளிலும் விசாரிக்கலாம். முழு மாதத்துக்கும் பணமில்லாவிட்டாற் சில நாட்களுக்கு வாங்கிக்கொண்டு, அந்நாட்கள் முடியுமுன் மிகுதிக்கு வழி தேடவேண்டும். அளவைக் குறைத்து நாளை நீட்டுதல் கூடாது. பற்றுச்சீட்டைத் தவறாது பெறவேண்டும். உதவி கேட்கும் இடங்களிலே அது சான்றாகும். வலிப்பு நோய், இருதய நோய் முதலியவற்றுக்கு ஒரு கம்பனி மருந்தை இன்னொன்றாக மாற்றுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

நான்காவது, அரசாங்க உதவிகள். பிரதேச செயலகத்திலே சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கின்றார். காசநோய், புற்றுநோய், சிறுநீரக நோய் போன்ற நீண்ட நோயுள்ள வறியோர்க்கு உதவித்தொகைத் திட்டங்கள் உண்டு. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டமும் உண்டு. 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஜனாதிபதி நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, புற்றுநோய் முதலிய பெருஞ்செலவுகளுக்கு உதவுகின்றது. முன்பு அதற்குக் கொழும்புக்கு அலையவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ செல்லும் நமது மக்கள், செலவு செய்து முடிந்தபின் அலையாமல், சிகிச்சைக்கு முன்னரே விசாரிப்பது நல்லது. வைத்திய அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பிலே ஒழுங்காக வைத்திருந்தால் ஓர் உத்தியோகத்தரின் மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்லுதல் எளிதாகும்.

இங்கே ஒரு வார்த்தை. வறியோர்க்கு அரசாங்கம் கொடுத்துவந்த மாதாந்த உதவிப் பணத்துக்கு நம்மவர் இட்ட பெயர் யாது? “பிச்சைச் சம்பளம்.” அச்சொல்லைக் கேட்ட மானமுள்ளவன் அந்தக் கந்தோர் வாசலை மிதிக்கக் கூசுவான் அல்லவா? பெரியோர்களே, அந்தச் சொல்லை நமது வீடுகளிலிருந்து அகற்றுமாறு பணிவன்புடன் வேண்டுகின்றோம். இளைஞர்களே, படிவத்தை நிரப்பும்போது நோயாளியை விசாரணைக் கைதிபோல் வினவாதீர்கள். தன் தாயின் படிவத்தை நிரப்பும் மகனைப்போல் நிரப்புங்கள்.

ஐந்தாவது வழி நமது கையிலே உள்ளது. மருந்து கொடுத்தல் நமது சமயத்துக்குப் புதிதன்று. முப்பத்திரண்டு அறங்களில் நோய்க்கு மருந்து கொடுத்தலும் ஒன்று. காஞ்சியிலே காமாட்சியம்மை இருநாழி நெல்லைக் கொண்டு அவ்வறங்களை வளர்த்தாள் என்பர். தொண்டை நாட்டுத் திருமுக்கூடற் கோயிலிலே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கோயிலைச் சார்ந்தோர்க்காக 15 கட்டில்களுடைய ஆதுலர்சாலை நடந்ததையும், வைத்தியருக்கும் அறுவை செய்வோருக்கும் மருந்து கொணர்வோருக்கும் நோயாளியைப் பேணும் பெண்களுக்கும் கொடுக்கும் ஊதியத்தையும், சேமித்து வைக்கும் மருந்துகளின் பெயர்களையும் அது கூறுகின்றது. நோயாளியைப் பேணுவோர்க்கும் அங்கே இடமிருந்ததை நோக்குக. கோயிற் கணக்கிலே மருந்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கிய முன்னோரின் வழிவந்தவர் நாம்.

இளைஞர் இதனைச் செய்யமுடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு. 1900 ஆம் ஆண்டிலே காசி நகரத்துத் தெருவில் ஒரு மூதாட்டி நோயுற்றுக் கிடந்தார். சுவாமி விவேகானந்தரின் எழுத்தினால் உள்ளம் உருகிய இளைஞன் ஒருவன் நான்கணாவைப் பிறரிடம் இரந்து பெற்று அவருக்கு உதவினான். நண்பர் சிலர் சேர்ந்தனர்; வறியோர் நிவாரணச் சங்கம் பிறந்தது. 1902 இல் அவர்களைக் கண்ட விவேகானந்தர் அப்பெயரை மாற்றச் செய்தார். பிறர் துன்பத்தை நாம் நிவாரணம் செய்கின்றோம் என்னும் எண்ணத்தில் அகந்தை உண்டு. சேவை செய்கின்றோம் என்பதே பொருந்தும் என்பது அவர் கருத்து. அன்று சேவாசிரமமாகிய அந்நிலையம் பின்பு பெரிய வைத்தியசாலையாக வளர்ந்தது. அதே இராமகிருஷ்ண இயக்கத்தின் துறவியாகிய காரைதீவு தந்த விபுலானந்த அடிகள், திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பேணி, இக்கிழக்கு மண்ணிலே சேவை என்னும் சொல்லுக்குப் பொருள் தந்தார்.

ஆகவே நமது மன்றத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்கின்றோம். முன்னாளிலே பள்ளிக்கூடம் கட்ட நம் தாய்மார் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் எடுத்து வைத்தனர். அந்தப் பிடியரிசி முறையை மருந்துக்கு ஏற்படுத்துவோம். 60 பேர் மாதம் 100 ரூபா கொடுத்தால் மாதத்துக்கு 6,000 ரூபா. ஆண்டுக்கு 72,000 ரூபா. ஆலய பரிபாலன சபை திருவிழா வரவிலிருந்து ஒரு பங்கு சேர்த்தால் நிதி இன்னும் வலுப்பெறும். பெருநோய்களை இது தாங்காது. ஆனால் உதவி வந்து சேரும்வரை ஒரு முதியவரின் பத்து நாள் மருந்து தவறாமற் காக்கும்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பணத்தைக் கையிற் கொடாது, துண்டைப் பார்த்துப் பாமசிக்கே செலுத்தவேண்டும். ஒரு பெரியவரும் ஓர் இளைஞரும் கையொப்பமிடவேண்டும். வரவு செலவுக் கணக்கு ஆண்டு மலரில் வரவேண்டும். உதவி பெற்றவர் பெயர் ஒருபோதும் வரக்கூடாது. படம் பிடித்தலும் கூடாது. வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேர்த்துப் பிறருக்குக் கொடுத்தல் ஆகாது. காலாவதியும் கலப்பும் உயிருக்கு ஆபத்து. மருந்து கொடுப்பது வைத்தியசாலைக்கும் பாமசிக்கும் உரிய தொழில்; வழிகாட்டுதலும் துணைபோதலும் நமது தொழில். இன்னுமொன்று: இவ்வூரிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கிளினிக் வாங்கிலே அருகருகே அமர்ந்திருக்கின்றனர். உதவி கேட்டு வருபவர் கட்டைபறிச்சானிலிருந்து வந்தாலென்ன, தோப்பூரிலிருந்து வந்தாலென்ன, நோய்க்கு ஏது குலமும் சமயமும்? நமது கதவு யாவர்க்கும் திறந்திருக்கட்டும்.

மன்றத்து அன்பர்களே, தொடக்கத்துக்குப் பெரிய முதல் வேண்டாம். வருகின்ற கிளினிக் நாளிலே இருவர் இருவராகச் சென்று வைத்தியசாலை வாசலில் நில்லுங்கள். கையிலே துண்டோடு யோசித்து நிற்கும் முதியவரைக் கண்டால், “அம்மாச்சி, அந்தத் துண்டை ஒருக்காப் பார்க்கலாமா?” என்று அன்போடு கேளுங்கள். எஞ்சிய வேலை அங்கிருந்து தானே தொடங்கும்.

திருக்கோணநாயகர் திருவருள் இப்பணிக்குத் துணைநிற்பதாக.